ஊவாத் தோட்டங்களில் திருநாள்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, செக்ரோலில் தன் பெயர் விழக் கேட்டு, மாலைவரை மலையில் பாடுபட்டவனுக்கு ஒரு பேர். இடையில் உடம்பு முடியாமல் இறங்கிவிட்டால் அரைப்பேர். பேர் விழாத நாள் கூலி இல்லாத நாள். இவ்வாறு நாட்கள் எண்ணப்படும் இடத்தில் திருநாள் எப்படி வருகிறது? மற்ற ஊர்களில் அது பஞ்சாங்கத்திலிருந்து நேரே வீட்டுக்கு வந்துவிடும். தோட்டத்திலோ, பஞ்சாங்கத்திலிருந்து புறப்பட்டுக் கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் போய், துரையின் காரியாலயத்தில் அனுமதி பெற்ற பின்னரே லயத்துக்கு வந்து சேர்ந்தது. கடல் கடந்து குடியேறிய மக்களின் பண்டிகைகளை ஆராய்பவர்கள் கோவிலிலிருந்து தொடங்குவது வழக்கம். பதுளைப் பகுதியைப் பொறுத்தமட்டில் செக்ரோல் புத்தகத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

பதுளை ஊவாவின் தலைநகர். கொழும்பிலிருந்து மலையேறி வரும் புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டில் இந்நகரை வந்தடைந்தது. பாதையின் முடிவும் இதுவே. நகரைச் சூழ நமுனுகுல மலைச் சரிவிலும், பசறை, மடுல்சீமை, லுணுகலை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லாந்தை என நீளும் குன்றுகளிலும் தேயிலை படர்ந்திருக்கிறது. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய சீமைகளின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்தவர்களே இத்தோட்டங்களை உண்டாக்கினார்கள். முதலில் அவர்கள் வந்தது காப்பிக்கு. காப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் வந்தவரிற் பலர் காட்டு வழியே மன்னார்க் கரைக்கு நடந்து ஊர் திரும்பினர். ஆகவே அவர்களுடைய திருநாட்கள் ஊரிலேயே இருந்தன. அவற்றைக் கடல் கடத்த வேண்டிய தேவை எழவில்லை. 1869ஆம் ஆண்டில் காப்பி இலையில் நோய் கண்டது. சில ஆண்டுகளில் காப்பி அழிந்து அவ்விடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும். ஆண்டு முழுவதும் கை வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் உடனிருக்க வேண்டும். ஊருக்குத் திரும்புதல் அபூர்வமாயிற்று. மனிதர்களுக்குப் பின் அவர்களுடைய தெய்வங்களும் கப்பலேறியது அப்போதுதான்.

ஒரு கிராமத்துத் திருநாள் சுலபமாகப் பெயர்த்து நடக்கூடியது அன்று. அதற்கு அந்த ஊரின் அம்மன் வேண்டும், ஆறு வேண்டும், மாமன் மச்சான் முறைகள் வேண்டும், முதல் மரியாதைக்குரிய வீடு எது என்ற வழக்கு வேண்டும். தோட்டத்து லயத்திலோ ஓர் அறையில் சேலத்தான். அடுத்த அறையில் மதுரையான். சாதி வேறு, குலதெய்வம் வேறு. சிலர் ஊர்க் கோவிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்தார்கள். அம்மண்ணை ஒரு மரத்தடியில் வைத்து, மேலே ஒரு கல்லை நட்டு, மாரியம்மன் என்றும் முனியாண்டி என்றும் பெயரிட்டனர். இன்று கோபுரத்தோடு விளங்கும் தோட்டத்துக் கோவில்கள் பலவும் முன்னொரு காலத்தில் இத்தகைய கற்களே.

எல்லாத் திருநாளும் ஒரே விதமாகப் பிழைக்கவில்லை. தைப்பொங்கல் மெலிந்தது. அதில் வியப்பில்லை. அறுவடைக்குக் கதிரவனை வாழ்த்தும் திருநாள் அது. தோட்டத்தில் வயல் ஏது? தோட்ட நிர்வாகம் அளந்து கொடுத்து, சம்பளத்திற் பிடித்துக்கொண்ட அரிசியிலேயே பானை பொங்கிற்று. கறவை மாடு வைத்திருந்தவர்கள் மட்டும் மாட்டுப் பொங்கலைச் சற்று மனமாரச் செய்தார்கள். தமிழ் நாட்டில் உழவனின் தலையாய திருநாளாயிருப்பது இங்கே வாசலில் ஒரு கோலமும் ஒரு பானையுமாகச் சுருங்கியது.

அதற்கு நேர்மாறாக, தீபாவளி வளர்ந்தது. தோட்டத்தில் ‘பண்டிகை’ என்று வெறுமனே சொன்னால் அது பெரும்பாலும் தீபாவளியையே குறிக்கும். ஐப்பசியில் ஊவாவில் மழை பிடித்துக்கொள்ளும். அந்த ஈரத்திலும் பனிமூட்டத்திலும் விடியுமுன் எண்ணெய் முழுக்கு. லயத்துக் காம்பரா ஒவ்வொன்றிலும் தோசைக் கல்லின் ஓசை. ஆண்டில் வேறெந்நாளும் தோசை காணாத அடுப்புகள் பல அன்று கண்டன. சிலர் கூடி ஆடு வாங்கி அடித்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மாலையும் எலுமிச்சம்பழமும் ஏந்திப் பெரிய துரையின் பங்களாவுக்கு ஊர்வலமாகப் போவது பழைய வழக்கம். துரை தம் ஊரின் கிறிஸ்துமஸை நினைத்துக்கொண்டு அந்த மாலையை ஏற்றிருக்கக் கூடும். தம் நாட்டை விட்டு வந்தவர்கள் அந்த வாசலில் இரு தரப்பிலும் இருந்தார்கள். ஆனால் ஒரு தரப்பினர் கையில்தான் செக்ரோல் இருந்தது.

புத்தாடைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? முற்காலத்தில் பெரிய கங்காணி கொடுத்தார். அது அவருடைய கணக்கில் ஏறிற்று. அந்தக் கடன் தீராமல் ‘துண்டு’ கிடையாது. துண்டில்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக இயலாது. துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பின்னர் தோட்ட நிர்வாகமே ‘தீபாவளி முற்பணம்’ கொடுத்து, வரும் மாதங்களின் சம்பளத்தில் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்ளும் முறை நிலைத்தது. சென்ற தீபாவளியின் கடன் முடியும் தறுவாயில் அடுத்த தீபாவளி வந்து நிற்கும்.

தேயிலையின் தாயகமான சீனத்தின் வழக்கம் ஒன்றை இங்கே நினைத்துப் பார்க்கலாம். புத்தாண்டு பிறக்குமுன் பழைய கடன்களைத் தீர்த்துவிட வேண்டும் என்பது சீனர்களின் நெடுங்கால முறை. வீட்டைக் கூட்டிப் பெருக்குவதைப் போலவே கணக்கையும் துடைத்துவிட்டுத்தான் புதிய ஆண்டை வரவேற்பார்கள். ஊவாவின் தேயிலைத் தொழிலாளிக்கோ திருநாள் பிறப்பதே கடனில். ஆனால் வேறொன்றில் இரு மக்களும் நெருங்கி நிற்கிறார்கள். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், நான்காம் நாளிலோ ஐந்தாம் நாளிலோ, ‘சிங்மிங்’ என்னும் நாளில் சீனர் முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவு செய்து உணவும் மதுவும் படைப்பர். அந்நாளுக்கு முன் கிள்ளிய இளங்கொழுந்துக்குச் சீனத்தில் தனி மதிப்பு உண்டு. மலாயாவிலும் பினாங்கிலும் குடியேறிய சீனரும் இம்முறையைக் கைவிடவில்லை. தோட்டத்துத் தமிழரும் தீபாவளியை ஒட்டி இறந்தோருக்குப் புதுத்துணி வைத்து, அவர்கள் உயிரோடிருந்தபோது விரும்பிய பண்டங்களைப் படைப்பார்கள். படையல் இலைக்கு முன் வைக்கப்படும் பெயர்களில் தஞ்சையிலோ திருச்சியிலோ மாண்டவர் பெயர்கள் வரவரக் குறைந்து, தேயிலை மலைச் சரிவில் அடக்கமானவர் பெயர்கள் மிகுந்தன. ஒரு குடும்பம் எந்த மண்ணுக்கு உரியதாயிற்று என்பதை அந்த இலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அரசாங்கத்தின் பதிவேடுகள் அதைச் சொல்ல வெகு காலம் பிடித்தது.

தோட்டத்து மக்கள் தம் முழு உயிரையும் ஊட்டி வளர்த்த கலை காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும் காமன் பொட்டலில் கம்பம் நடுவார்கள். மன்மதனாகவும் ரதியாகவும் வேடம் பூண இருப்பவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள், ரதியும் ஆடவரே. மழை ஓய்ந்த அந்த நாட்களில் ஒவ்வோர் இரவும் ஆட்டமும் பாட்டும் நடைபெறும். ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடி வரும்போது பெண்கள் ஆலாத்தி எடுத்து வணங்குவார்கள். பௌர்ணமி இரவில் முழுக் கூத்து. தவத்தில் அமர்ந்த சிவனை எழுப்பும்படி தேவர்கள் மன்மதனுக்கு ஆணையிடுகிறார்கள். ஓலை கொண்டு தூதன் வருகிறான். தீக்கனாக் கண்ட ரதி, போக வேண்டாம் என்று மன்றாடுகிறாள். மன்மதன் போகிறான், நெற்றிக் கண்ணால் எரிகிறான். அதன்பின் ரதியின் ஒப்பாரி. விடியும்வரை ஓயாத அந்த ஒப்பாரிக்கு அழாத பெண்ணில்லை. மூன்றாம் நாள் மன்மதன் எழுப்பப்படுகிறான். எனினும் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்பது கதை.

தமிழ் நாட்டின் பல பகுதிகளில் அருகிப்போன இக்கூத்து இந்த மலைகளில் ஏன் இவ்வளவு வேரூன்றியது? காரணங்களில் ஒன்று மிகச் சாதாரணமானது: இது இரவில் நடப்பது. பகல் தோட்டத்துக்குச் சொந்தம். இரவு மட்டுமே தொழிலாளிக்கு மிஞ்சியது. பேர் இழக்காமல் கொண்டாடத்தக்க திருவிழா எதுவோ அது தழைத்தது. மற்றொரு காரணம் கதையிலேயே இருக்கிறது. மேலிடத்து ஆணை வருகிறது, மனைவி தடுக்கிறாள், கணவன் போய்த் திரும்பாமற் போகிறான். ஊரில் மனைவியை விட்டுக் கங்காணியின் பின்னே கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது புராணமாக மட்டும் தோன்றியிராது. மூன்றாவதாக, இக்கூத்துக்குக் குலதெய்வமும் பரம்பரை நிலமும் வேண்டியதில்லை. ஒரு பொட்டலும் ஒரு தப்பும் போதும். சேலத்தானும் மதுரையானும் ஒரே கம்பத்தைச் சுற்றி நிற்க முடிந்தது. அந்தத் தப்பைப் பற்றியும் ஒரு சொல். விடியற்காலையில் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக்கு அழைத்ததும் தப்புத்தான். அடி வேறு, தோல் ஒன்று. ஆண்டு முழுவதும் வேலைக்கு அழைத்த கருவி மாசி இரவுகளில் மட்டும் கூத்துக்கு அழைத்தது.

பழையவற்றைக் காத்ததோடு இம்மக்கள் நிற்கவில்லை. ஊரில் இல்லாத தெய்வங்களையும் இங்கே உண்டாக்கினார்கள். தேயிலைத் தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்துக்கு ‘ரோதை’ என்று பெயர். சிங்களத்திலிருந்து வந்த சொல். கையையோ காலையோ விழுங்கிவிடக்கூடிய அந்த இயந்திரத்தின் அருகே ‘ரோதை முனி’ குடிகொண்டார். செடியைக் கத்தியால் வெட்டிக் கவ்வாத்துச் செய்யத் தொடங்குமுன் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை உண்டு. பிரிட்டனிலிருந்து வந்த இரும்புக்கு மதுரைச் சீமையின் முனி காவலிருந்தது உலகில் வேறெங்கும் எளிதிற் காணக்கூடிய காட்சியன்று.

அயலாரின் வழக்கங்களையும் தோட்டத்து மக்கள் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்தார்கள். பிறகு வேலியைக் கடந்தும் பார்த்தார்கள். தோட்டப் பாடசாலைகளுக்கும் காரியாலயங்களுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆசிரியர்களும் கிளாக்கர்மாரும் சித்திரைப் புத்தாண்டில் மருத்துநீர் வைத்து முழுகிக் கைவிசேஷம் கொடுத்தார்கள். மொழி ஒன்றாயிருந்தும் இவ்வழக்கம் தோட்டத்தாருக்குப் புதிது. பள்ளத்தாக்கில் இருந்த சிங்களக் கிராமங்களிலும் அதே நாளில் புத்தாண்டு. சுப நேரம் பார்த்து அடுப்பு மூட்டுவார்கள். பாற்சோறும் கொக்கிஸும் பலகாரமும் தட்டில் வைத்துத் தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்புவார்கள். தீபாவளிக்குத் தோட்டத்திலிருந்து அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பாது. வெசாக் பௌர்ணமியில் பதுளை நகரத்துத் தோரணங்களையும் காகிதக் கூடுகளையும் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதும், தன்சலில் வரிசையில் நின்று உண்பதும் தோட்டக் குடும்பங்களுக்குப் பழகிப்போன காரியங்கள். 1966ஆம் ஆண்டு முதல் 1971ஆம் ஆண்டு வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகச் சந்திரனின் நிலையைச் சார்ந்த போயா தினங்களே வார விடுமுறையாயிருந்தன. வாரத்தின் நாளும் விடுமுறையும் ஒத்துவராமல் வியாபாரிகள் திண்டாடினார்கள். அமாவாசையும் பௌர்ணமியும் பார்த்தே விரதமும் கூத்தும் நடத்தியவர்களுக்கு அக்கணக்கு அந்நியமாய் இருந்திராது.

ஊவாவில் தமிழ்த் தொழிலாளிக்கு வாய்த்த பேரதிசயம் ஒன்று உண்டு. மற்றத் தெய்வங்களைப் பிடிமண்ணாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. முருகனைக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. அவன் ஏற்கெனவே இங்கே இருந்தான். கதிர்காமம் இதே ஊவா மாகாணத்தில் உள்ளது. வெல்லவாய, புத்தளை வழியாக மலையிலிருந்து இறங்கிக் காட்டுப் பாதையில் நடந்தால் மாணிக்க கங்கைக் கரை. ஆனால் அங்கே அவன் கண்டது பழனியில் காண்பது போன்ற கோவில் அன்று. கருவறைக்கு முன் திரை, திரை விலகுவதில்லை. பூசை செய்பவர் வாயைத் துணியாற் கட்டிய சிங்களக் கபுறாளை. வேத மந்திரம் இல்லை. திருவிழா இரவுகளில் யந்திரம் அடங்கிய பேழை யானைமீது ஏறி வள்ளியம்மன் கோவிலுக்குப் போய் வருகிறது. அந்த வள்ளியையும் அவ்விடத்து வேடர் தம் குலமகள் என்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசல். சற்றுத் தொலைவில் கிரிவிகாரை. தன் தெய்வத்தைப் பிறர் கையில், பிறர் முறையில் கண்ட தொழிலாளி திகைத்திருக்கலாம். ஆனால் திரும்பிப் போய்விடவில்லை. ஆடித் திருவிழாவில் காவடியோடும் அரோகரா ஒலியோடும் அக்கூட்டத்திற் கலந்துகொண்டான்.

கொள்ளை நோய்ப் பயத்தால் ஆங்கில அரசு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த யாத்திரைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. பின்னர் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வுல்ப், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தபோது, இத்திருவிழாவை மேற்பார்வையிடக் கதிர்காமம் சென்றார். எந்த மதத்தையும் நம்பாத அவர், அந்த நாட்களைத் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்யத் தவறவில்லை. அந்நியர் பண்டிகையில் அந்நியராய் நின்ற அந்த ஆங்கிலேயரும், சொந்தத் தெய்வத்தின் முன் அரை அந்நியனாய் நின்ற தோட்டத் தொழிலாளியும் ஒரே மணலில் நடந்தவர்கள்.

பிறகு நாடுகள் மனிதரைப் பங்கிட்டுக்கொண்டன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் பாதிப்பாதியாகப் பிரித்தது. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியப் பத்திரம். தம்பிக்கு இலங்கைப் பத்திரம். தலைமன்னார்த் துறைக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். ரதியின் ஒப்பாரியை ஆண்டுதோறும் கேட்டவர்களுக்கு அந்தப் பெயரைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. 1968இல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென்றே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அங்கே போய்ச் சேர்ந்தவர்களுக்கு அயலார் வைத்த பெயர் ‘சிலோன்காரர்’. தாத்தாவின் ஊருக்குத் திரும்பியவர்கள் அந்த ஊரின் திருவிழாவில் புதியவர்களாக நின்றார்கள்.

ஊவாவில் தங்கியவர்களுக்கும் காலம் இலேசாயிருக்கவில்லை. 1983ஆம் ஆண்டு ஆடியில் மூண்ட வன்செயலில் பதுளை நகரத்துத் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெசாக் கூடு காணப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்ற அதே தெருக்கள் அவை. பலர் வவுனியாவுக்கும் இந்தியாவுக்கும் போனார்கள். போகாதவர்கள் அடுத்த மாசியில் மறுபடி கம்பம் நட்டார்கள். 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் பிரஜாவுரிமைச் சிக்கல் ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. 2014இல் அக்டோபர் 22ஆம் நாள் தீபாவளி. அது கழிந்த ஏழாம் நாள் காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்வாண்டின் தீபாவளி முற்பணத்தில் வாங்கிய துணிகளும் அந்த மண்ணுக்குள் போயின.

இப்போது தோட்டத்து இளைஞர் பலர் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கு முந்தைய நாட்களில் பதுளைக்குப் போகும் பஸ்ஸிலும் இரவுக் கோச்சியிலும் கால் வைக்க இடமிராது. பலகாரப் பெட்டியும் தங்கைக்குச் சேலையுமாக நெருக்கியடித்து நிற்பவர்களிடம் எங்கே பயணம் என்று கேட்டால், “ஊருக்கு” என்பார்கள். அவர்களுடைய பாட்டன்மார் அச்சொல்லால் திருச்சியையும் மதுரையையும் குறித்தார்கள். இவர்கள் பசறையையும் மடுல்சீமையையும் குறிக்கிறார்கள்.